மூணு தொட்டியும் நல்லா இருக்குது கண்ணு

நான் குடியிருந்த வீட்டின் மாடியில் இருந்த அக்காவுக்கு ‘முடியாது’ என்று சொல்ல வராது. அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வருவது முகத்திலேயே தெரியும். வாயைத் திறக்கும்போது அது ‘ஆகட்டுங்க’ என்று மாறிவிடும்.

வடவள்ளியில் அவர்கள் வீட்டுக் கீழ்ப்பகுதியில் இரண்டு வருஷம் வாடகைக்கு இருந்தேன். நானும் கோபிப் பக்கத்துக்காரிதான். வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ங்க’ போடுவது எனக்கொன்றும் புதிதில்லை. ஆனால் அக்கா பூனைக்கும் போடுவார். அடுப்படிக்குள் பூனை நுழைந்துவிட்டால், “இங்கெல்லாம் வரக்கூடாதுங்க சாமி, போங்க” என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். அது பாலைக் குடித்துவிட்டு நிதானமாகப் போகும்.

ஒரு தடவை ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம். ஒன்று அவிநாசியில், இன்னொன்று தாராபுரத்தில். பத்திரிகை வைக்க வந்த இரண்டு பேரிடமும் ‘ஆகட்டுங்க, முகூர்த்தத்துக்கே வந்துருவோம்’ என்று சொல்லி அனுப்பியிருந்தார். அன்றைக்கு அவிநாசியில் தாலி கட்டி முடிந்ததும் அட்சதையைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறி, பல்லடம் வழியாகத் தாராபுரம் போய்ச் சேர்ந்தபோது அங்கே பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்களாம். அவிநாசிக்காரர்களுக்குச் சாப்பிடாமல் போனதில் வருத்தம். தாராபுரத்துக்காரர்களுக்கு முகூர்த்தத்துக்கு வராததில் வருத்தம். மத்தியானம் மூன்று மணிக்குப் பட்டுப்புடவையோடு வந்து என் வீட்டில் ஒரு தட்டு ரசம் சாதம் வாங்கிச் சாப்பிட்டார்.

“ஒருத்தர்கிட்ட வரமுடியாதுன்னு சொல்லியிருக்கலாமில்லீங்க்கா?” என்று கேட்டேன்.

“எதுத்து ஒரு வார்த்தை சொல்லிப்போட்டா, அதுக்கப்பறம் பேசறதுக்கு நெறைய வார்த்தை வேணும் கண்ணு. எங்கிட்ட அத்தனை இல்லீங்க” என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. வீட்டில் சர்க்கரை தீர்ந்துபோனதைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

பேரூர்ப் பக்கம் ஒரு மண், தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. அது தெரிந்துதான் ஒருநாள் கைக்குட்டையில் மடித்து ஓர் இலையைக் கொண்டுவந்தார். நரம்பு மட்டும் பச்சையாக, மிச்சமெல்லாம் மஞ்சளாக, ஓரம் தீய்ந்துபோயிருந்தது. அடிப்பக்கம் வெள்ளை. எனக்கு அது என்ன செடியென்று தெரியவில்லை.

“ராஸ்பெர்ரிங்களாமா. மொட்டை மாடில மூணு தொட்டி இருக்குது. உங்களுக்கு நேரமிருந்தா ஒரு எட்டு வந்து பாக்கறீங்களா கண்ணு?”

கோயம்புத்தூர் சித்திரை வெயிலில் ராஸ்பெர்ரி! மேலே போய்ப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. மூன்று தொட்டியிலும் முள்கொம்புகள் தலை சாய்ந்து நின்றன. தொட்டி விளிம்பு முழுக்க உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடந்தது. அடியில் வைத்த தட்டில் தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்திருந்தது. மண்ணில் முட்டை ஓடு, காப்பித்தூள், வேப்பம்புண்ணாக்கு, புளித்த மோரின் வாடை.

“இத்தனையும் யாருங்க்கா போடச் சொன்னது?”

“எதுத்த ஊட்டு அம்மா மோர் ஊத்தச் சொன்னாங்க. நாத்தனார் காப்பித்தூள் நல்லதுன்னாங்க. பால்காரர் புண்ணாக்கு கொண்டாந்து குடுத்தாரு. எல்லாரும் நல்லதுக்குத்தான சொல்றாங்க. எப்படி வேண்டாங்கறது?”

சொன்னவர்கள் மறுநாள் வந்து ‘ஊத்தினீங்களா?’ என்று கேட்பார்கள்; ‘ஊத்தினேங்க’ என்று பொய் சொல்லவும் முடியாது. அதனால் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் செய்திருந்தார். தண்ணீர் மட்டும் நான்கு பேர் நான்கு வேளை சொல்லியிருந்தார்கள். நான்கு வேளையும் ஊற்றியிருக்கிறார்.

அந்தச் செடி எப்படி அந்த மாடிக்கு வந்தது என்பதை எனக்கு எதிர்வீட்டு அம்மாதான் சொன்னார். அக்காவுக்கு ஒரே மகள். கோத்தகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு லீவில், பஸ்ஸில் மடியில் ஒன்றும் காலடியில் இரண்டுமாக வைத்துக்கொண்டு அந்த மூன்று செடிகளைக் கொண்டுவந்திருக்கிறாள். முதல் வருஷம் தொட்டிக்கு ஒரு கைப்பிடி பழம் வந்ததாம். அடுத்த லீவில் வந்தபோது, கூட வேலை பார்க்கும் பையன் ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். பையன் நம்மாளுங்க இல்லை.

அக்காவின் கணவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கணபதியில் கிரைண்டிங் பட்டறை வைத்திருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் மிக்சி நின்றுபோனால் ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் கழற்றி மாட்டித் தருவார். மாம்பழ சீசனில் முதல் பழம் கீழே எனக்குத்தான் வரும். அவர் மகளை அடிக்கவில்லை, கத்தவில்லை. “இந்த ஊட்ல இனி அந்தப் பேரு வேண்டாம்” என்று ஒரே வார்த்தைதான். அக்காவின் போனை வாங்கி மகளின் நம்பரை அழித்துவிட்டு, “இதுல அவகிட்டப் பேசக்கூடாது” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அக்கா ‘ஆகட்டுங்க’ என்றிருக்கிறார். மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டபோதும் ‘ஆகட்டும் கண்ணு, வாரேன்’ என்றிருக்கிறார். போகவில்லை.

மாடியில் நின்ற செடிகள் யார் கொண்டுவந்தவை என்பது அண்ணனுக்கு மறந்துபோயிருந்தது. அவருக்கு அவை ‘அந்த முள்ளுச்செடி’.

இதெல்லாம் தெரிந்த பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் அக்கா என் அடுப்படி வாசலில் வந்து நின்று, “உங்க போனை ஒரு நிமிசம் குடுக்கறீங்களா?” என்றார். நம்பர் மனப்பாடம். “என்ற போன்ல பேசறதில்லைன்னு அவர்கிட்டச் சொல்லிப்போட்டனுங்க. உங்க போனுன்னா பரவால்லீங்களல்ல?” என்று என்னையே கேட்டார். கொடுத்த வாக்கையும் மீறக்கூடாது, மகளிடமும் பேசவேண்டும். இரண்டுக்கும் நடுவில் என் போன் அளவுக்குத்தான் அவருக்கு இடம் கிடைத்திருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். என் போனில் சத்தம் அதிகம். இரண்டு பக்கமும் கேட்கும். அம்மாவும் மகளும் என்ன பேசினார்கள் என்கிறீர்கள்? அப்பாவைப் பற்றிப் பேச முடியாது. கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று மகள் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்க அக்காவுக்குக் கூச்சம். மிச்சமிருந்தது செடிதான்.

“மா, தொட்டியெல்லாம் எப்படி இருக்கு?”

“மூணு தொட்டியும் நல்லா இருக்குது கண்ணு. மொட்டு விட்டிருக்குது.”

“இந்த வெயில்லயா?”

“ஆமாங் கண்ணு.”

பேசி முடித்ததும் போனை முந்தானையில் துடைத்து என்னிடம் கொடுப்பார். மேலே அந்தச் செடிகள் இருக்கும் கோலம் எனக்குத் தெரியும். நான் ஏதும் கேட்கக்கூடாதே என்று என் முகத்தைப் பார்க்காமல் படியேறுவார்.

நான் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். “அக்கா, இது குளிர் கேக்கற செடி. நம்ம ஊர் போர்த் தண்ணி உப்பு இதுக்கு ஆகவே ஆகாது. கோத்தகிரிக்கே அனுப்பிச்சிருங்க, பொழைச்சுக்கும்.”

“ஆகட்டுங்க” என்றார். அனுப்பவில்லை. செடி போய்விட்டால் சனிக்கிழமைகளில் எதைப் பேசுவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் பங்காளி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்த சமயம், இருவருமாக மூன்று தொட்டியையும் கவிழ்த்தோம். முதல் இரண்டில் வேர் கறுத்து, நனைந்த டீத்தூள்போலக் கையோடு வந்தது. அழுகல் நாற்றம். அக்கா அதையும் திருப்பித் தொட்டியில் வைக்கப் பார்த்தார்.

“போயிருச்சுங்க்கா.”

“ஒரு வாரம் பாக்கலாங்களா?”

“இல்லைங்க்கா, போயிருச்சு.”

மூன்றாவதில் மட்டும் ஓரமாக நாலைந்து வேர் வெள்ளையாக இருந்தது. அழுகினதை வெட்டிப்போட்டு, தென்னை நார்த்தூளும் மட்கிய இலையும் உடைத்த செங்கல்லும் கலந்து, அடியில் ஓட்டையைப் பெரிதாக்கி மாற்றி வைத்தேன். பழைய கொம்புகளை அடியோடு வெட்டச் சொல்லிக் கத்தரியை அக்காவிடம் கொடுத்தேன். “ஒரு தடவை காய்ச்ச கொம்பு காய்ஞ்சுதான் போகும். வேர்லருந்து புதுசு வரணும்.”

ஆகட்டுங்க என்று கத்தரியை வாங்கிக்கொண்டார். கொம்பின் பக்கத்தில் கொண்டுபோனார். கை நின்றுவிட்டது. “இதுலதான் அவ பறிச்சு என்ற வாய்ல ஒண்ணு போட்டா. புளிப்பு. நல்லாருக்குதுன்னு சொன்னேன்” என்றார். கத்தரியை நான் வாங்கி வெட்டினேன். அவர் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

உப்புத் தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது, சிறுவாணித் தண்ணீர் இல்லையென்றால் மழைத்தண்ணீர் மட்டும்தான் ஊற்றவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசிக்காமல் சொன்ன வார்த்தை அது. அப்போது சிறுவாணித் தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவைதான் வந்துகொண்டிருந்தது. குடத்தில் பிடித்துக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வைத்திருப்பார்கள். செடிக்கு அதை ஊற்றக் கண்டால் அண்ணன் சும்மா இருக்கமாட்டார். நான் என் பங்கில் ஒரு குடம் தருகிறேன் என்றேன். அதற்கும் ஆகட்டுங்க என்றார். வாங்கிக்கொள்ளவே இல்லை.

ஒரு மாதம் கழித்துத்தான் பார்த்தேன். மாடி வாஷ்பேசின் குழாயைத் திறந்து, டம்ளரில் பிடித்து, மாத்திரையை வாயில் போட்டு அந்தப் போர்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். வாயில் வைக்க முடியாத தண்ணீர் அது. எங்கள் பரிசோதனைக் கூடத்து மீட்டரில் வைத்துப் பார்த்து முகம் சுளித்திருக்கிறேன். தன் பங்குக் குடிதண்ணீரை அந்த ஒரு தொட்டிக்கு ஊற்றிவிட்டு, இதைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“என்னங்க்கா பண்றீங்க?”

“பழகிருச்சு கண்ணு. பருப்புதான் வேகமாட்டேங்குது, எனக்கொண்ணும் ஆகலீங்க.”

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. சொன்னவள் நான். எதிர்வீட்டு அம்மாவையும் நாத்தனாரையும் குறைசொல்லிக்கொண்டிருந்த நானும் அந்த வரிசையில் போய் நின்றிருக்கிறேன்.

ஆனி மாதச் சாரல் பிடித்தபிறகு ஒருநாள் காலை என் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. அக்கா ஓடி வந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். “வந்திருச்சு கண்ணு, வாங்க” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மண்ணைப் பிளந்துகொண்டு, விரல் நீளத்துக்கு, சிவப்பும் பச்சையுமாக ஒரு குருத்து. போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். அந்தச் சனிக்கிழமை போனில் மகள் கேட்டாள்:

“மா, போட்டோல ஒரு தொட்டிதான இருக்கு?”

“மத்தது அந்தப் பக்கம் நெழல்ல இருக்குது கண்ணு.”

கொம்பு முழங்கால் உயரம் வந்தபோது, மகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு வைத்திருந்தார்கள். “நீ மட்டும் வா மா. ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போயிரு. அப்பாவுக்குத் தெரியவே வேண்டாம்” என்றாள். அக்கா ‘ஆகட்டும் கண்ணு, வந்தர்றேன்’ என்றார். நான் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. வேலையில் லீவு சொல்லியிருந்தேன். அக்கா காந்திபுரம் போய்ப் பச்சைக் கண்ணாடி வளையல் இரண்டு டஜன் வாங்கிவந்து என் பீரோவில் வைத்திருந்தார்.

அந்த நாள் காலை ஆறரை மணிக்கு இறங்கி வந்தார். பட்டுப்புடவை கட்டியிருந்தார். ஒரு கையில் பெரிய பையில் அந்தத் தொட்டி. கொம்பு முறியாமல் பழைய துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தது.

“நீங்க போயிட்டு வாங்க கண்ணு. தாராபுரத்துல அவரு பெரியப்பா ஊட்ல காதுகுத்தாம். நேத்துப் பொழுதோடதான் சொன்னாரு. ரெண்டு பேரும் போகோணும்னாரு.”

எனக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்ததோ தெரியவில்லை. “ஒரே ஒரு தடவை முடியாதுன்னு சொல்லுங்க்கா. தலைவலின்னாவது சொல்லுங்க. அவ காத்துட்டு இருப்பா. கல்யாணத்துக்கும் இப்படித்தான் பண்ணுனீங்க!” என்று கத்திவிட்டேன்.

“ஆகட்டுங்க” என்றார் அக்கா.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்ததுபோல் உதட்டைக் கடித்துக்கொண்டு, பையை என் கையில் கொடுத்தார். வாசலில் கார் ஹாரன் கேட்டது. அண்ணன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “அட, அந்த முள்ளுச்செடியக் குடுத்துப்போட்டியா? நல்லதாப் போச்சு, மாடி அடைசலாக் கெடந்துது” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அக்கா காரில் ஏறி உட்கார்ந்தார். கார் தெரு திரும்பும்வரை பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையையா, என்னையா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் கொம்பு என் தோளில் வந்து சாய்ந்தது. கோத்தகிரியில் தன் வீட்டு கேட்டைத் திறந்த மகள், “வாங்க ஆன்ட்டி” என்றபடி என்னைத் தாண்டிப் பின்னால் ரோட்டைப் பார்த்தாள். இரண்டு தடவை பார்த்தாள்.

“தாராபுரத்துல ஒரு விசேஷம், திடீர்னு…” என்று ஆரம்பித்தேன்.

“சரிங்க ஆன்ட்டி” என்று பையை வாங்கித் துண்டை அவிழ்த்தாள். “ஒண்ணுதானா? மத்த ரெண்டும்?”

“இருக்குது கண்ணு, மாடில நெழல்ல இருக்குது” என்று என் வாய் சொன்னது.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “நீங்களும் அம்மா மாதிரியே பேசறீங்க ஆன்ட்டி” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் கொண்டுபோன வளையலை அவள் மாமியார் போட்டுவிட்டார். பெண்கள் பாடினார்கள். ஐந்து வகைச் சாதம் பரிமாறினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நன்றாக இருக்கிறார்கள். அண்ணன் மாறவில்லை. நான் மறுவருஷம் சரவணம்பட்டிப் பக்கம் வீடு மாறிவிட்டேன். எப்போதாவது எதிர்வீட்டு அம்மாவின் போனிலிருந்து அக்கா கூப்பிடுவார். பேத்தியின் போட்டோ ஏதாவது வந்ததா என்று கேட்பார். நான் எதிர்வீட்டு அம்மாவுக்கு அனுப்புவேன், அவர் காட்டுவார். நேரில் அக்கா இன்னும் குழந்தையைப் பார்க்கவில்லை. செடி அங்கே வேலி முழுக்கப் படர்ந்திருக்கிறதாம். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் அக்கா என்றால் எனக்கு நினைவில் வருவது வளைகாப்பு முடிந்து நான் திரும்பி வந்த அந்தச் சாயங்காலம்.

விளக்கு வைக்கும் நேரம். நான் கேட்டைத் திறந்ததும், மோட்டார் சுவிட்சைப் போட வந்தவர்போல் அக்கா படிக்கட்டின் அடியில் நின்றிருந்தார். பட்டுப்புடவையை இன்னும் மாற்றவில்லை. அழுதாளா, கோபித்துக்கொண்டாளா, எத்தனை பேர் வந்திருந்தார்கள் என்றெல்லாம் கேட்பார் என்று பஸ்ஸிலேயே பதில்களை யோசித்து வைத்திருந்தேன். எதையும் கேட்கவில்லை.

“கால் வீங்கியிருந்துச்சுங்களா கண்ணு?”

எனக்குப் புரியவில்லை.

“எம்புள்ளைக்கு. ரெண்டு பாதமும். அவளுக்கு முன்னால எனக்கு ஒண்ணு உண்டாச்சு. ஏழாம் மாசம் கால் வீங்குச்சு. எங்க மாமியார் அதெல்லாம் சாதாரணம்னாங்க. நானும் சரின்னு இருந்துபோட்டேன். அது தங்கல.” குரல் தாழ்ந்து, கிசுகிசுப்பாக வந்தது. “அதான், போயிருந்தா மொதல்ல கால்தான் பாத்திருப்பேன்.”

நான் பார்க்கவில்லை. புடவை தரை வரைக்கும் இருந்தது. பார்க்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

“இல்லீங்க்கா. நல்லா இருக்குது” என்றேன்.

“நல்லாப் பாத்தீங்களா?”

“பாத்தனுங்க்கா.”

ஒரு மூச்சை மெதுவாக விட்டார். என் முழங்கையை ஒரு தடவை அழுத்திவிட்டு மேலே போனார்.

கதவைச் சாத்திக்கொண்டு உடனே மகளுக்குப் போன் செய்தேன். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “ஏன் ஆன்ட்டி? ரெண்டு நாளா செருப்பு போட முடியல. ஏழாம் மாசம் அப்படித்தான் இருக்கும்னாங்க” என்றாள். முகமும் காலையில் உப்பியிருக்கிறதாம். விடிந்ததும் முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். சும்மா சொல்லாதே, சத்தியம் பண்ணு என்று சொன்னேன். பண்ணினாள்.

பிறகு அக்காவிடம் சொல்லிவிடவேண்டும் என்று படியேறினேன். பாதிப் படியில் டிவிச் செய்தி கேட்டது. கம்பிக் கதவு வழியாக உள்ளே தெரிந்தது. அண்ணன் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அக்கா பக்கத்தில் நின்று தோசையை வைத்துக்கொண்டிருந்தார். என்னவென்று சொல்வது? யாருடைய கால் என்று அண்ணன் கேட்பார். அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நல்ல சேதியை இன்னொரு தடவை சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கவேண்டும். அண்ணனுக்குப் பின்னாலிருந்து, சத்தமில்லாமல், முகம் முழுக்கச் சிரித்தார்.

நானும் சிரித்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.